பக்கத்து வீட்டு அம்மாவின் பழைய .22 வின்செஸ்டர்: என்ன மாடல், என்ன விலை பெறும்?

ஆற்றங்கரையான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பிட்ஸ்பர்க்கிலிருந்து வடக்கே ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறேன். துப்பாக்கிக்கும் எனக்கும் உள்ள உறவு, கல்லூரி என்.சி.சி.யில் குப்புறப் படுத்து .22 ரைஃபிள் சுட்டதோடு முடிந்துவிட்டது. அதனால் கேள்வி அசட்டுத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டில் எண்பது தாண்டிய அம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். வீட்டை விற்றுவிட்டு ஓஹையோவில் மகளோடு போய் இருக்கப்போகிறார். அவருடைய பழைய சாமான்களை இணையத்தில் விற்றுக்கொடுக்கும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்தது. தையல் மெஷின், பால் கேன், ரம்பம் எல்லாம் போய்விட்டன. கடைசியாக மாடி அலமாரிக்குப் பின்னாலிருந்து கம்பளியில் சுற்றிய ரைஃபிள் ஒன்றை எடுத்துவந்தார். மாமனார் வைத்திருந்ததாம். கோழிக் கொட்டகைக்கு வரும் ரக்கூன்களுக்காக.

எனக்குச் சொல்வதற்கு முன்பே ஓர் அடகுக்கடையில் காட்டியிருக்கிறார். 250 டாலர், இன்றைக்கே கொடுத்தால் கையில் ரொக்கம் என்றார்களாம். அந்த "இன்றைக்கே"தான் எனக்கு உறுத்துகிறது.

என் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். பேரல் வட்டமாக இல்லை, எட்டுப் பட்டை. டேப் வைத்து அளந்தால் 24 அங்குலம். அதற்குக் கீழே ஒரு குழாய். முன்கையால் பிடிக்கும் மரத்தில் வளையம் வளையமாக வரிகள். அதை முன்னும் பின்னும் இழுக்கலாம். பின்னால் ஹேமர் வெளியே தெரிகிறது. தோளில் வைக்கும் முனையில் பிறை மாதிரி வளைந்த இரும்புத் தகடு. இடது பக்கம் பெரிய திருகு ஒன்று. பேரலில் வின்செஸ்டர், நியூ ஹேவன் என்று படிக்க முடிகிறது. கூடவே 88, 92 என்று காப்புரிமை ஆண்டுகள். ரிசீவருக்கு (பேரலின் பின்முனை பொருந்தும் இரும்புக் கூட்டுக்கு) பக்கத்தில் "22 டபிள்யூ.ஆர்.எஃப்." என்று இருக்கிறது. இரும்பெல்லாம் சாம்பலும் பழுப்புமாக மங்கியிருக்கிறது. அடிப்பக்கம் ஐந்து இலக்க எண்.

இது 1888இல் செய்ததா? மெருகேற்றினால் விலை கூடுமா? இன்னொன்று, அந்த அம்மா "அதே 250 கொடுத்துவிட்டு நீயே வைத்துக்கொள்" என்கிறார். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் ஹெச்-1பி விசாவில் இருப்பவன். ஏதாவது வில்லங்கம் வருமா?

ஜெர்சிவாசி எழுதியது:

படம் போடுங்க பாஸ். துரு பிடித்த இரும்புக்கு அங்கே யார் காசு கொடுப்பார்கள்? நல்ல துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துப் புதுசாக நீலம் (இரும்புக்குக் கொடுக்கும் கருநீல மேற்பூச்சு) ஏற்றி, கட்டைக்கு வார்னிஷ் அடித்தால் இரண்டு மடங்கு கிடைக்கும். என் மாமனார் ஊரில் பழைய அம்பாசிடரை அப்படித்தான் விற்றார்.

பழைய இரும்பு எழுதியது:

தம்பி, முதலில் அந்த மெருகு யோசனையை விடுங்கள். ஜெர்சிவாசி கோபித்துக்கொள்ள வேண்டாம். அம்பாசிடருக்கு அது சரி, இதற்கு அது விஷம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்த்தீர்களா? கீழே இருக்கும் குழாய்தான் மேகசின். கொட்டகைக்குப் பக்கத்தில் வைத்திருந்த துப்பாக்கி என்றால் எப்போதும் நிரப்பியே வைத்திருப்பார்கள். முனையை ஆளில்லாத பக்கம் திருப்பி, குழாயின் உள்குழலை உருவி எடுத்துவிட்டு, முன்மரத்தைப் பலமுறை இழுத்து இழுத்து விடுங்கள். எதுவும் விழவில்லை என்றாலும் பேரலின் பின்வாயைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். அப்புறம், சும்மா ட்ரிகரை அழுத்தி "டக்" என்று தட்டிப் பார்க்கும் விளையாட்டு வேண்டாம். ரிம்ஃபயரில் ஊசி தோட்டாவின் விளிம்பில் அடிக்கும். தோட்டா இல்லாதபோது அது பேரலின் பின்வாய் விளிம்பிலேயே போய் அடித்துப் பள்ளம் போடும்.

நீங்கள் எழுதியதை வைத்தே சொல்லலாம், இது வின்செஸ்டர் மாடல் 1890. டபிள்யூ.ஆர்.எஃப். என்பது வின்செஸ்டர் ரிம் ஃபயர், இது சுடும் தோட்டாவின் பெயர். ஜான் பிரௌனிங், மாத்யூ பிரௌனிங் சகோதரர்களின் வடிவமைப்பு. 1890இல் தொடங்கி 1932 வரை போட்டார்கள். எட்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. அமெரிக்கப் பொருட்காட்சிகளில் நம்ம ஊர் பலூன் சுடும் கடை மாதிரி இருந்த இடங்களிலெல்லாம் இதன் .22 ஷார்ட் வகைதான் ஓடியது. இதன் தம்பி மாடல் 1906 பார்வைக்கு ஏறக்குறைய இதேதான், ஆனால் அதற்கு வட்டப் பேரல், 20 அங்குலம். உங்களுடையது எட்டுப் பட்டை, 24 அங்குலம், பிறைத் தகடு. ஆக 1890தான், சந்தேகம் வேண்டாம்.

88, 92 என்பது காப்புரிமை கிடைத்த ஆண்டுகள். செய்த ஆண்டு அல்ல. அதே ஆண்டுகளைப் பல வருடம் அடித்துக்கொண்டே இருந்தார்கள். "1888 வின்செஸ்டர்" என்று இணையத்தில் விளம்பரம் போடுகிறவர்களில் பாதிப் பேர் இதைப் பார்த்துத்தான் போடுகிறார்கள்.

இந்த மாடலுக்குள்ளேயே மூன்று பருவம் உண்டு. முதல் பருவம் இரண்டாகக் கழற்ற முடியாதது. பதினைந்தாயிரம் சொச்சம்தான் செய்தார்கள், அதற்குத் தனி விலை. உங்களுடையதில் இடது பக்கம் கழற்றும் திருகு இருப்பதால் அது இல்லை. மூன்றாவது பருவம் 1908இல் வந்தது. அதில் ரிசீவரின் மேல்விளிம்பில் இரண்டு பக்கமும் வெட்டு இருக்கும், பேரலின் பின்வாயை மூடும் போல்ட்டின் காதுகள் அதில் வந்து உட்காருவது வெளியே தெரியும். உங்களுடையதில் மேல்விளிம்பு வெட்டில்லாமல் நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். நேராக இருந்தால் இரண்டாவது பருவம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். நான் முப்பது வருடமாக ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் பிழைக்கிறவன். கோயம்புத்தூரில் பம்ப் ஷாஃப்ட்டில் ஆரம்பித்து இங்கே மில்வாக்கியில் கியரில் வந்து நிற்கிறேன். துப்பாக்கிகளில் எனக்குப் பிடித்ததே சுடுவது இல்லை, அந்த ரிசீவரின் நிறம்தான். 1901 வரை இரண்டாம் பருவ ரிசீவர்களைக் கேஸ் ஹார்டன் செய்தார்கள். அதன் பிறகு நீலம். எலும்புக் கரியும் மரக்கரியும் நிரப்பிய இரும்புப் பெட்டிக்குள் பாகத்தைப் புதைத்து, செக்கச்செவேல் என்று சூடேற்றி, மணிக்கணக்கில் வைத்திருந்து, காற்று விட்டுக் கலக்கிய தண்ணீரில் மொத்தமாகக் கொட்டுவார்கள். மேல்தோல் கார்பன் ஏறிக் கெட்டியாகும், உள்ளே மென்மையாகவே இருக்கும். தண்ணீரில் விழும் அந்த நொடியில் நீலம், ஊதா, வைக்கோல் மஞ்சள் என்று மேகம் மேகமாக நிறம் பிடிக்கும். ஒரு பெட்டியில் போட்ட இரண்டு பாகம்கூட ஒரே மாதிரி வராது.

கெட்டித்தோல் அப்படியே இருக்கும். நிறம் மட்டும் மெல்லிய படலம். வெயில் பட்டால் மங்கும், கை வியர்வையில் போகும். ஸ்டீல் உல்லை எடுத்து ஐந்து நிமிடம் தேய்த்தால் 120 வருடம் தாங்கியது காணாமல் போகும். பளபள என்று வெள்ளி மாதிரி ஆக்கிவிட்டு "சுத்தம் செய்துவிட்டேன்" என்று பெருமையாகப் படம் அனுப்புகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். சேகரிப்பாளர்கள் காசு கொடுப்பது அந்தப் படலத்துக்குத்தான். அது இல்லாவிட்டாலும், யாரும் கை வைக்காத மங்கலுக்குக் கொடுப்பார்கள். புது நீலம் ஏற்றியதற்குப் பாதிதான்.

உங்களுக்கு ஒரு சிக்கல், நீலம் ஏற்றிய ரிசீவரும் வயதானால் சாம்பலாகத்தான் தெரியும். எப்படிப் பிரித்தறிவது? திருகைக் கையாலேயே தளர்த்தி இரண்டாகக் கழற்றுங்கள். ஸ்க்ரூ ட்ரைவர் எதற்கும் வேண்டாம். ஒரு பாதி இன்னொரு பாதிக்குள் நுழைந்து மூடியிருந்த இடங்களைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஹேமரின் பக்கவாட்டையும் பாருங்கள், அதுவும் கேஸ் ஹார்டன் செய்ததுதான். மேகம் மாதிரி நீலமும் பழுப்பும் கலந்து ஒளிந்திருந்தால் நல்ல சேதி. வரிவரியாகப் புலித்தோல் மாதிரி இருந்தால் பிற்காலத்தில் யாரோ சயனைடு உப்பில் போட்டு எடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

அடுத்தது பேரல். பின்பக்கம், ரிசீவரை ஒட்டி, முட்டை வடிவத்துக்குள் டபிள்யூ, பி எழுத்துகள் பின்னிய முத்திரை இருக்கிறதா? வின்செஸ்டர் அந்த முத்திரையைப் போட ஆரம்பித்தது 1905இல். பழைய எண்ணுள்ள துப்பாக்கியில் அது இருந்தால் பேரல் பின்னால் மாற்றியது, அல்லது பழுதுபார்க்கத் தொழிற்சாலைக்கே போய்வந்தது. முட்டைக்குள் பி மட்டும் இருந்தால் தனியாக வாங்கிப் பூட்டிய பேரல். வாய்ப்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓட்டையைச் சுற்றி மயிரிழை மாதிரி இன்னொரு வட்டம் தெரிந்தால் உள்ளே புதுக்குழல் செருகியிருக்கிறார்கள். டபிள்யூ.ஆர்.எஃப். தோட்டா கிடைக்காத காலத்தில் பலர் அதைச் செய்தார்கள்.

இதையெல்லாம் பார்த்து எழுதுங்கள், விலை பேசலாம். விசா விஷயம் எனக்குத் தெரியாத துறை இல்லை, ஆனால் வேறு ஒருவர் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

வேட்டைக்காரன் மகன் எழுதியது:

இரும்பு அண்ணன் என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் ஹெச்-1பியில் இருந்தபோது இதே கேள்வியோடு அலைந்தவன்.

கூட்டரசுச் சட்டப்படி ஹெச்-1பி மாதிரி தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கியும் வைத்திருக்கக் கூடாது, தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது. விதிவிலக்குகளில் ஒன்று, ஏதாவது ஒரு மாநிலம் முறைப்படி கொடுத்த வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. நான் அப்படித்தான் எடுத்தேன். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை.

உங்கள் விஷயத்தில் சுவாரசியம் என்னவென்றால், 1898 அல்லது அதற்கு முன் செய்த துப்பாக்கி அந்தச் சட்டத்தின் கணக்கில் துப்பாக்கியே இல்லை, தொல்பொருள். விசா தடை அதற்குப் பொருந்தாது. 1899இல் செய்திருந்தால் பொருந்தும். ஒரே மாடல், ஒரே உருவம், ஒரு வருடத்தில் எல்லாம் மாறிவிடும். ஆகவே எந்த வருடம் என்று எழுத்தில் தெரியும்வரை அதை உங்கள் வீட்டுக்கோ காருக்கோ கொண்டுவராதீர்கள். அந்த அம்மா வீட்டிலேயே, அவர் முன்னாலேயே பாருங்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. துப்பாக்கி தொல்பொருளாக இருந்தாலும் தோட்டா தொல்பொருள் ஆகாது. டபிள்யூ.ஆர்.எஃப். தோட்டா 1898க்குப் பின் வந்த துப்பாக்கிகளுக்கும் உரியது என்பதால் அது சட்டப்படி தோட்டாதான். கம்பளிக்குள் பழைய பெட்டி ஏதாவது இருந்தால் தொடாமல் அம்மாவிடமே விடுங்கள். மாநிலச் சட்டம் தனி. பக்கத்திலேயே நியூ ஜெர்சி எவ்வளவு கெடுபிடி என்று நம்ம ஜெர்சிவாசிக்கே தெரிந்திருக்கும். வாங்குவதாக இருந்தால் ஒரு வக்கீலுக்கு அரை மணி நேரக் கட்டணம் கொடுத்துக் கேட்டுவிடுங்கள். கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறவர் இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

ஆற்றங்கரையான் எழுதியது:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. நேற்று அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் துணி விரித்துப் பார்த்தோம். அம்மாவுக்கு என்னைவிட உற்சாகம். பூதக்கண்ணாடி எல்லாம் எடுத்துவந்துவிட்டார்.

குழாயில் எதுவும் இல்லை. ரிசீவர் மேல்விளிம்பு நேராக ஓடுகிறது, வெட்டு இல்லை. பேரலில் முட்டை முத்திரை எதுவும் இல்லை. வாயில் இரண்டாவது வட்டம் தெரியவில்லை. ஆனால் உள்ளே டார்ச் அடித்தால் சொரசொரப்பு, அங்கங்கே குழி. கழற்றிப் பார்த்தபோது இரண்டு பாதியும் சேரும் இடத்தில் ஊதாவும் மஞ்சளும் கலந்த திட்டுகள் உண்டு. ஹேமர் பக்கவாட்டிலும் கொஞ்சம். வெளியே ஒன்றும் இல்லை, வெறும் சாம்பல். கட்டையின் கழுத்தில் ஒரு மயிரிழை விரிசல். பிறைத் தகட்டின் திருகுகள் பழுதில்லாமல் இருக்கின்றன.

இணையத்தில் எண் பட்டியல்கள் பார்த்தேன். ஒன்று ஒரு வருடம் சொல்கிறது, இன்னொன்று வேறு வருடம் சொல்கிறது. எதை நம்புவது? கம்பளிக்குள் சிவப்பு அட்டைப் பெட்டியில் தோட்டாக்கள் இருந்தன. நான் தொடவில்லை.

பழைய இரும்பு எழுதியது:

பெட்டியை அம்மா தூக்கிப் போட்டுவிடப் போகிறார், உடனே சொல்லுங்கள். பழைய தோட்டா அட்டைப் பெட்டிகளைச் சேகரிக்கத் தனிக் கூட்டமே இருக்கிறது. பெட்டி மட்டுமே துப்பாக்கி விலையில் ஒரு பங்கு பெறலாம்.

எண் பட்டியலை நம்ப வேண்டாம். புத்தகங்களில் பல காலமாகச் சுற்றும் பட்டியல் ஒன்று, தொழிற்சாலைப் பதிவேடு சொல்வது வேறு. வயோமிங் மாநிலம் கோடி நகரில் பஃபலோ பில் சென்டர் இருக்கிறதே, அதன் துப்பாக்கி அருங்காட்சியகத்தில் வின்செஸ்டரின் பழைய பதிவேடுகள் இருக்கின்றன. ஆரம்ப கால 1890களும் அதில் உண்டு. கட்டணம் கட்டி எண்ணைக் கொடுத்தால் கடிதம் தருவார்கள். எந்தத் தோட்டாவுக்குச் செய்தது, எண் எப்போது அடித்தது, கிடங்கிலிருந்து எப்போது போனது என்று இருக்கும். உங்கள் விசாவுக்கும் அதுதான் ஆதாரம், வாங்குகிறவருக்கும் அதுதான் ஆதாரம்.

நீங்கள் சொன்னதை வைத்து என் கணிப்பு: இரண்டாம் பருவம், கேஸ் ஹார்டன், மாற்றாத பேரல். 1901க்கு முந்தையது என்பது உறுதி. 1898க்குள் செய்ததா என்பதைக் கடிதம்தான் சொல்ல வேண்டும்.

பேரலுக்குள் குழி இருப்பது எதிர்பார்த்ததுதான். கரிமருந்தும் தோட்டாவைப் பற்றவைக்கும் அந்தக் காலத்து ப்ரைமரின் உப்பும் ஈரத்தை இழுக்கும். சுட்ட அன்றே துடைக்காவிட்டால் அரித்துவிடும். கொட்டகையில் ரக்கூன் சுட்டவர் ராத்திரியில் உட்கார்ந்து பேரலா துடைத்திருப்பார்? சுட விரும்புகிறவர் இதற்காக விலையைக் குறைப்பார், சுவரில் மாட்டுகிறவர் அவ்வளவாகக் கவலைப்பட மாட்டார். ஒரு விஷயம், யார் வாங்கினாலும் சொல்லிவிடுங்கள்: சாதாரண .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) தோட்டாவை இதில் போடக் கூடாது. டபிள்யூ.ஆர்.எஃப். அறை அதைவிட அகலம். எல்.ஆர். தொளதொள என்று உட்கார்ந்து, வெடிக்கும்போது பித்தளை கிழியும். .22 மேக்னமும் கூடாது.

விலை. வெளியே நிறம் பெரும்பகுதி தங்கியிருந்தால் பல ஆயிரம் என்று பேசலாம். அது இல்லை. யாரும் கை வைக்காத சாம்பல், அசல் பேரல், மோசமான உள்பக்கம், கழுத்தில் விரிசல். நான் கண்காட்சி மேசையில் பார்த்தால் 800இலிருந்து 1,100 வரை கொடுப்பேன். கடிதமும் 98க்குள் என்ற தேதியும் இருந்தால் மேல்பக்கம். தொல்பொருள் என்றால் மாநிலம் விட்டு மாநிலம் விற்க லைசென்ஸ் வியாபாரி வழியாகப் போகக் கூட்டரசுச் சட்டம் கட்டாயப்படுத்தாது. அதனால் வாங்குகிற ஆட்கள் அதிகம். ஜெர்சிவாசி சொன்னபடி நீலம் ஏற்றி வார்னிஷ் அடித்திருந்தால் 400 தாண்டாது. அடகுக்கடை 250 என்றது திருட்டு என்று சொல்ல மாட்டேன், அவன் பிழைப்பு அது. ஆனால் அந்த "இன்றைக்கே"யை நீங்கள் பிடித்தது சரி.

விரிசலை ஒட்டாதீர்கள். பிசின் போட்டு அசிங்கப்படுத்துவதைவிட, உள்ளபடி சொல்லி விற்பது மேல். மெல்லிய எண்ணெயைத் துணியில் தொட்டு லேசாக ஒரு துடை, அவ்வளவுதான்.

ஜெர்சிவாசி எழுதியது:

சரி, தோற்றேன். வார்னிஷ் டப்பாவை மூடிவிட்டேன். ஆனாலும் துரு பிடித்ததற்கு அதிக விலை என்பது என் மாமனாருக்குப் புரியவே புரியாது.

ஆற்றங்கரையான் எழுதியது:

கடிதம் வந்துவிட்டது. எண் அடித்தது 1897. டபிள்யூ.ஆர்.எஃப்., எட்டுப் பட்டை என்று அதிலும் இருக்கிறது. எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். மாமனார் பிறப்பதற்கு முன்னாலேயே செய்ததா என்று கேட்டார். அப்படியானால் அவரும் இதை யாரிடமிருந்தோ பழையதாகத்தான் வாங்கியிருக்க வேண்டும்.

வக்கீலிடமும் பேசினேன். துப்பாக்கியைப் பொறுத்தவரை வேட்டைக்காரன் மகன் சொன்னதையே சொன்னார், கூடவே தோட்டா பற்றிய எச்சரிக்கையையும். அம்மாவிடம் உங்கள் கணக்கைச் சொல்லி 950 தருகிறேன் என்றேன். 250 போதும் என்று பிடிவாதம். கடைசியில் 800க்கு ஒத்துக்கொண்டார், அதுவும் மகள் போனில் மிரட்டிய பிறகு. தோட்டாப் பெட்டி மகளோடு ஓஹையோ போகிறது, அங்கே ஏலத்தில் போடப்போகிறார்கள்.

இரும்பு அண்ணா, சுவரில் மாட்டப்போகிறேன். அடியில் ஹீட்டர் இல்லாத சுவர், நேர் வெயில் படாத சுவர் என்று ஒன்றுதான் இருக்கிறது, அது சமையலறைக்கு எதிரில். தாளிக்கிற புகை அதை ஏதாவது செய்யுமா?

பழைய இரும்பு எழுதியது:

செய்யும். கடுகு வெடிக்கிற எண்ணெய்ப் பிசுக்கு படிந்து ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். படுக்கையறையில் மாட்டுங்கள். வீட்டம்மா ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், 800 தருகிறேன்.